பூஜ்யக் கட்டில்

பசிபிக் தீவு நகரமான சுவாவில், கம்மிங் தெருவில் துணிக்கடை வைத்திருக்கிற எவனிடமாவது போய் விலை கேட்டுப் பாருங்கள். அவன் சொல்வது விலை அல்ல, பேச்சைத் தொடங்க ஒரு வழி. சொன்ன விலையை அப்படியே எடுத்து நீட்டிவிட்டுப் போகிற ஆளை எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்காது. அன்று ராத்திரி கடைக்காரன் தூங்கமாட்டான். இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு பக்கம் புரளுவான். அந்த ஆள் கள்ளநோட்டுக்காரனாக இருப்பானோ என்று மறுபக்கம் புரளுவான்.

என் அக்கா புருஷன் ஓதவ்ஜி இந்தத் தெருவிலேயே பிறந்து இந்தத் தெருவிலேயே கடை வைத்தவர். வாழ்நாளில் ஒரு தடவைகூட உண்மையான எண்ணை முதல் வாயில் சொன்னதில்லை. வயதைக் கேட்டால்கூட ஐந்து கூட்டிச் சொல்லி, எதிராளி புருவத்தைத் தூக்கினால் இரண்டு குறைப்பார். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், பெரிய ஆஸ்பத்திரியில், "உங்கள் வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை?" என்று கேட்டார்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். எனக்கும் நுரையீரல் இருக்கிறது. நாளைக்கு நானும் அங்கேதான் போய்ப் படுக்கவேண்டும்.

அத்தானுக்குக் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. படம் எடுத்தார்கள், துளி சதை எடுத்தார்கள், புற்றுநோய் என்றார்கள். இடது நுரையீரலின் கீழ்ப்பாதியை எடுத்தால் பிழைக்கலாம் என்றார்கள். வெளிநாட்டிலிருந்து வெட்டும் டாக்டர்கள் வந்திருந்தார்கள். நல்லவர்கள், கைதேர்ந்தவர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெட்டினார்கள், தைத்தார்கள், விமானம் ஏறிப் போய்விட்டார்கள். அவர்களோடு வந்து இங்கேயே தங்கிவிட்டது பசிபிக் வலி அளவீட்டுத் திட்டம்.

அந்தத் திட்டத்துக்கு வெளிநாட்டு உதவி உண்டு. குளிரூட்டிய அறை, பித்தளைப் பெயர்ப்பலகை, வாசலில் கொடிக்கம்பம். தலைவர் பேராசிரியர் ஹார்க்ரீவ்ஸ். உள்ளூர் அதிகாரியாக, எடை அளவு இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சூரஜ்பலியைப் போட்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு அவரை நன்றாகத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை வந்து தராசுக்கும் மீட்டர் கோலுக்கும் முத்திரை குத்துவார். கோலைப் பார்ப்பாரே தவிர, கோலுக்கு மறுமுனையில் துணியை இழுத்துப் பிடித்திருக்கிற கட்டைவிரலை அவர் பார்த்ததேயில்லை. வலியை அளக்க அவரைவிடத் தகுதியான ஆள் கிடைக்கமாட்டான் என்று நாங்கள் பெருமைப்பட்டோம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் அட்டையோடு வந்தார்.

"சேட், வலி எத்தனை?"

அத்தானுக்கு அப்போது எப்போதாவது விலாவில் ஒரு குத்தல், அவ்வளவுதான். நேர்மையாகச் சொன்னால் இரண்டு.

"பத்து" என்றார்.

சூரஜ்பலி எழுதிக்கொண்டார். அத்தான் எதிர்ப்பேச்சுக்காகக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"என்ன, எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேனே."

"ஒண்ணும் சொல்லலியே நீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? நோயாளி சொல்றதுதான் வலி. எங்க திட்டத்தோட முதல் வாக்கியமே அதுதான்."

அத்தானுக்கு வேர்த்துவிட்டது. "சரி, நீங்க பழகின மனுஷன். உங்களுக்காக ஒண்ணு குறைச்சுக்கறேன். ஒன்பதுன்னு போடுங்க."

ஒன்பது என்று போட்டார்கள். அப்புறம் நான் தனியாகக் கேட்டேன், "எதுக்கு அத்தான் இது?"

"மச்சான், வெளில கூட்டத்தப் பாத்தல்ல? ரெண்டுன்னு சொன்னா அடுத்த வருஷம் வான்னுடுவான். ஒன்பதுன்னு சொல்லி வெச்சா இழுத்துப் பறிச்சு ஆறுக்காவது முடியும். ஆனா இந்த ஆளு பேரமே பேசலியே. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

அவர் பயந்ததில் தப்பே இல்லை.

பக்கத்துக் கட்டில், ஏழாம் எண், விலிக்கேசாவுடையது. தெற்கே ஒரு தீவில், வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனாச் செடியைப் பயிரிடுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கமும் செய்வார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அவருக்கும் அதே நோய், அதே நாளில் அதே கத்தி. அவரிடம் வலியைக் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான். "செங்க நா லெங்க." ஒரு தொந்தரவும் இல்லை என்று அர்த்தம். வீடு எரிந்தாலும் இந்த நாட்டுப் பூர்வகுடி மக்கள் முதலில் அதைத்தான் சொல்வார்கள். விலிக்கேசாவுக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. வார்டு சிஸ்டர் மெரேயோனியின் ஊருக்கும் அவர் தீவுக்கும் பரம்பரைக் கேலி உறவு. எந்த இடத்திலும் ஒருவரை ஒருவர் வாரலாம்; வாரப்பட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"என்ன, தீவுக்காரரே, வலிக்குதா? அழுதா சொல்லுங்க, உங்க ஊர் சர்ச்சுக்குத் தந்தி அடிச்சுடறேன்" என்பாள் அவள்.

"நண்டு தின்னிப் பொண்ணு கேட்டு நான் வலின்னு சொல்லிட்டா, என் பேரன் பேத்தி கல்யாணம் வரைக்கும் இந்தக் கதை ஓடும். பூஜ்யம்னு எழுது."

பூஜ்யம் என்று எழுதினாள்.

மறுநாள் இருவரையும் வெட்டினார்கள். நெஞ்சைத் திறப்பது என்றால் பெட்டியைத் திறப்பதுபோல் அல்ல. விலாவெலும்புகளை நெம்பி விலக்குகிறார்கள். விலக்கினவை திரும்ப ஒன்றுசேரும்போது ஒவ்வொரு மூச்சையும் கணக்குக் கேட்கின்றன. அத்தான் கண் விழித்தபோது பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் கீழே பாட்டிலுக்குப் போயிருந்தது. அவர் பேசவில்லை. எங்கள் குடும்பம் முதல் தடவையாகப் பயந்தது.

சிஸ்டர் மெரேயோனி வந்து தலையணையை அவர் நெஞ்சோடு அணைத்து வைத்தாள். "இருமணும் சேட். இதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அடிவயித்துலேர்ந்து இருமணும். இருமலன்னா சளி உள்ளயே தங்கிடும். தங்கினா காய்ச்சல். காய்ச்சல் வந்தா மிச்சமிருக்கற நுரையீரலும் போயிடும். புரியுதா?"

அவர் இரும முயன்றார். பாதி இருமலில் கண்கள் மேலே செருகிக்கொண்டன. அப்புறம் முயலவே இல்லை.

ஆக, விஷயம் இவ்வளவுதான். இருமினால் பிழைப்பார். வலி குறைந்தால் இருமுவார். வலி குறைய ஊசி வேண்டும். ஊசி அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி சிஸ்டரின் இடுப்பில் இருந்தது. சாவிக்கும் பூட்டுக்கும் நடுவில் திட்டம் இருந்தது.

சிஸ்டர் அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அளப்பவர் நோயாளியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது விதி. பார்த்தால் எண்ணில் இரக்கம் ஒட்டிக்கொள்ளுமாம். பெயரும் கூடாது, அந்தரங்கம் கெடுமாம். கட்டில் எண் மட்டும்தான்; அத்தானுடையது ஆறு.

"ஆறு. வலி எத்தனை?"

"ஒன்... பது."

"முன்னாடி ஒன்பது, இப்பவும் ஒன்பது. வித்தியாசம் பூஜ்யம்." அவள் குரல் இறங்கிவிட்டது. "சேட், வித்தியாசத்துக்குத்தான் மருந்து. ஏழுக்கு மேல போனா ஊசி. நாலுக்கு மேல போனா பெரிய மாத்திரை. அதுக்குக் கீழன்னா தலைவலி மாத்திரை, பனடால்."

கூடவே ஒரு துண்டுக் காகிதமும் கொடுத்தாள். 'அறுவை சிகிச்சையால் உங்களுக்கு வலி எதுவும் ஏற்படவில்லை. வாழ்த்துகள்!' என்று அச்சிட்டிருந்தது. ஓரத்தில் பூப்போட்டிருந்தது.

"பத்து" என்றார் அத்தான்.

"ஒண்ணு."

"பதினொண்ணு! பதினஞ்சு!"

சூரஜ்பலி அழைக்கப்பட்டார். கட்டில் தலைமாட்டில் நின்று, முத்திரை குத்த வந்தவர் மாதிரியே தொண்டையைச் செருமினார். "சேட், நீங்க துணி யாவாரி. ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர். நூத்தியொண்ணாவது கோடு போட்ட கோலை நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. பார்த்தா பறிமுதல் பண்ணியிருப்பேன்."

என் அக்கா காஞ்சன்பென் குறுக்கே வந்தாள். "சார், அவர் அன்னிக்குச் சும்மா சொன்னார். ரெண்டுதான் இருந்திருக்கும். அதை ரெண்டுன்னு திருத்துங்க."

"அம்மா, என்ன பேசறீங்க? நோயாளியோட வாக்கு எங்களுக்கு வேதம். அவர் ஒன்பதுன்னா ஒன்பது. அதைப் பொய்னு சொல்ல நாங்க யாரு? அவ்வளவு மரியாதையில்லாத திட்டம் இல்ல இது."

அக்கா புருஷன் பக்கம் திரும்பினாள். "துணியக் குறைச்சு அளந்த கை, வலியக் கூட்டி அளந்துச்சு. இப்ப அனுபவி." சொல்லிவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மனுப் போடலாம் என்றார்கள். போட்டோம். மறுஅளவீட்டுக் குழு மூன்றாவது மாடியில் கூடியது. நோயாளி நேரில் வரவேண்டும் என்பது விதி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒரு கையில் பாட்டிலும் ஒரு கையில் என் தோளுமாக அத்தான் படி ஏறினார். ஒவ்வொரு படியிலும் எனக்குத் தெரிந்த கடவுள்களை எல்லாம் திட்டிக்கொண்டே நானும் ஏறினேன். உள்ளே போனதும் குழு முதல் வரியை எழுதியது: 'மனுதாரர் படியேறி வந்தார்.'

அப்புறம் சூரஜ்பலி ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்தார். உள்ளே எஃகில் ஒரு கவ்வி. துணி காயப்போடுகிற கிளிப் போலவே இருந்தது, ஆனால் அதன்மேல் முத்திரை இருந்தது.

"இதுதான் தர வலி" என்றார். "மெல்போர்னில் சரிபார்த்து வந்தது. இதைக் காதுல மாட்டினா மூணு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. உங்க தராசு சரியா காட்டுதான்னு பாத்துடலாம்."

மாட்டினார். நெஞ்சு பிளந்து கிடக்கிற மனிதனுக்குக் காது எங்கே இருக்கிறது என்றே ஞாபகம் இல்லை.

"எத்தனை?"

"எது எத்தனை?" என்றார் அத்தான்.

குழு பரபரப்படைந்தது. மூன்றை இவர் பூஜ்யமாக உணர்கிறார்! அதாவது இவர் தராசு மூன்று குறைவாகக் காட்டுகிறது! எனக்கு உயிர் வந்தது. "அப்ப இவர் ஒன்பதுன்னு சொன்னா அது பன்னெண்டுதானே சார்?" என்றேன்.

"சரியாச் சொன்னீங்க!" சூரஜ்பலி என் முதுகில் தட்டினார். "இப்ப இருக்கறது பன்னெண்டு. அதே தராசுலதானே ஆபரேஷனுக்கு முன்னாடியும் அளந்தோம்? அப்ப அதுவும் பன்னெண்டு. வித்தியாசம் பூஜ்யம். பாத்தீங்களா, எங்க முறை எவ்வளவு நியாயமானதுன்னு! எந்தப் பக்கம் திருப்பினாலும் அசையாது."

படி இறங்கும்போது அத்தானுக்கு உடம்பு சுட ஆரம்பித்திருந்தது.

மறுநாள் காலை பேராசிரியர் ஹார்க்ரீவ்ஸ் வார்டைச் சுற்றிவந்தார். பின்னால் உதவி கொடுக்கிற நாடுகளின் விருந்தாளிகள். வராந்தாவில் பாய் விரித்து, யங்கோனா கரைத்து, கைதட்டி, முறைப்படி வரவேற்பு நடந்தது. அப்புறம் பேராசிரியர் பேசினார்:

"நண்பர்களே, வலி என்பது என்ன? நமக்குத் தெரியாது. வலி வரும், போகும், எண் நிற்கும். ஆகவே நாங்கள் எண்ணுக்கு மருத்துவம் செய்கிறோம். இந்த வார்டில் நுரையீரலை வெட்டுவதற்கு முன்னும் பின்னும் உள்ள சராசரி வித்தியாசம் ஒன்றுக்கும் குறைவு. உலகத்தில் வேறெங்கும் இப்படி இல்லை. பெரிய நகரங்களில் மருந்தை வீணாக்குகிறார்கள். எங்கள் அலமாரியைப் பாருங்கள், நிறைந்திருக்கிறது! இந்தத் தீவு மக்கள் எவ்வளவு அமைதியானவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

விருந்தாளிகள் அலமாரியைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மதியம் மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தானின் மூச்சு கோழிக்குஞ்சு மாதிரி மேலாக ஓடியது. சிஸ்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்குள்ள இருமலன்னா..." என்று சொல்லி நிறுத்தினாள். சாவிக்கொத்தை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வித்தியாசம் இல்லாம நான் திறந்தா என்னைத் திருட்டுக் கேஸ்ல உள்ள வெப்பாங்க சேட்" என்றாள், யாரும் கேட்காமலே.

ஏழாம் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்களைப் போன்ற குஜராத்திகள் எல்லோரும் அந்த மக்களுக்கு 'பம்பாய்'தான். "பம்பாய், உன் மூச்சு வாத்து கத்தற மாதிரி இருக்கு. தூங்க முடியல."

"நீயா தூங்கற? உன் மூஞ்சி சாம்பல் பூத்துக் கிடக்கு. போய்க் கண்ணாடில பாரு."

"அது எங்க ஊர் அழகு."

அத்தான் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் பூராவும் பேரம் பேசின ஆள். கடைசிச் சரக்கு கையில் இருக்கிறதா என்று தேடுகிறவர் போல இருந்தது. அப்புறம் தலையைத் திருப்பி ஒரு சொல் சொன்னார்.

"விலிக்கேசா. கெரெகெரே."

அந்த மக்களிடம் உறவுக்காரன் ஒருவன் வந்து இந்தச் சொல்லைச் சொல்லி எதைக் கேட்டாலும் மறுக்க முடியாது. படகைக் கேட்டால் படகு, சட்டையைக் கேட்டால் சட்டை. இதனாலேயே அவர்களில் கடை வைத்த பலர் மூடிவிட்டார்கள். அத்தான் தன் கடையில் கல்லாவுக்கு மேலே 'கடன் இல்லை, கெரெகெரே இல்லை' என்று பெரிதாக எழுதி மாட்டியிருந்தார். அந்த மனிதரின் வாயிலிருந்து அந்தச் சொல்!

விலிக்கேசா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "நீ எனக்கு உறவா, பம்பாய்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே கத்தி. இதைவிடக் கிட்டத்து உறவு உங்க தீவுல உண்டா?"

விலிக்கேசா யோசித்தார். "இல்ல. என்ன வேணும்?"

"உன் பூஜ்யம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் நின்றது. "அது எனக்கு உபயோகமில்லாமத்தான் கிடக்கு. எடுத்துக்கோ."

இருவரும் கட்டில் மாறினார்கள். நானும் அக்காவும் பாட்டில்களைத் தூக்கி மாற்றி வைத்தோம்.

சிஸ்டர் வந்தாள். அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கினாள். "ஏழு. வலி எத்தனை?"

"ஒன்பது" என்றது ஒரு குஜராத்திக் குரல்.

அட்டை அசையவில்லை. "முன்னாடி பூஜ்யம். இப்ப ஒன்பது" என்றாள். அப்புறம், "நல்ல விதிங்க இது, முகத்தைப் பார்க்கக் கூடாதுங்கறது. ரொம்ப நல்ல விதி" என்று சொல்லிக்கொண்டே அலமாரியை நோக்கி ஓடினாள்.

ஊசி போட்டுக் கால்மணி நேரத்தில் அத்தான் தலையணையை அணைத்துக்கொண்டு இருமினார். அசிங்கமான, கனத்த, பச்சையான இருமல். அக்கா அந்தச் சளியைக் கிண்ணத்தில் பிடித்து, பிரசாதம் மாதிரி என்னிடம் காட்டினாள். மாலைக்குள் காய்ச்சல் இறங்கியது.

ஆறாம் கட்டிலில் படுத்திருந்த விலிக்கேசா, வழக்கம்போல மரியாதைக்கு, "ஒண்ணு" என்றார். முன்னால் ஒன்பது, இப்போது ஒன்று. மைனஸ் எட்டு. பேராசிரியர் வார்டுக்கு ஓடிவந்தார். "அறுவை சிகிச்சை வலியைக் கொடுக்கிறது என்று நூறு வருஷமாக நினைத்திருந்தோம். அது வலியைக் குணப்படுத்துகிறது!" என்று கண்கலங்கினார். மைனஸ் எட்டுக்காரருக்கு இனி மருந்து கொடுத்தால் கண்டுபிடிப்பு கெட்டுவிடும் என்று அந்த பனடாலையும் நிறுத்தினார்கள்.

"இப்ப உன் முறை. மாறிப் படு, எண்ணைச் சொல்லு" என்றார் அத்தான்.

"செங்க நா லெங்க."

"யோவ், நல்ல இடத்துல கடை கிடைச்சிருக்கு, கதவைத் திறக்கமாட்டேங்கிறியே!"

ஆனால் விஷயம் வார்டு முழுக்கப் பரவிவிட்டது. மூலைக் கட்டில் பேருந்து ஓட்டுநர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து விலிக்கேசா முன்னால் நின்றார். "கெரெகெரே, அண்ணே." அப்புறம் ஜன்னலோரத்துக் கரும்பு விவசாயி. அப்புறம் ரொட்டிக்கடைக்காரர். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோரும் பயத்தில் என்னென்னவோ எண்களைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள்தான். பூஜ்யத்துக்குச் சொந்தக்காரர் விலிக்கேசா ஒருவரே. அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. அத்தான் வரிசையை ஒழுங்குபடுத்தினார். தீபாவளி விற்பனையில்கூட அப்படி ஒரு ஒழுங்கை நான் கண்டதில்லை. "நீங்க இப்ப, அவர் சாயங்காலம். இருமிட்டு இறங்குங்க, அடுத்த ஆள் காத்திருக்கார்!" ஒவ்வொரு நாளும் கடைசி முறையை விலிக்கேசாவுக்கென்று ஒதுக்கி வைத்தார். ஒவ்வொரு நாளும் யாராவது வந்து கேட்டார்கள். அவர் கொடுத்துவிட்டார்.

வார்டு முழுக்க இருமல் சத்தம். அதில் விலிக்கேசாவின் இருமல் மட்டும் இல்லை என்பதை அத்தான்தான் முதலில் கவனித்தார். போய் நெற்றியைத் தொட்டார். கையை உதறினார். அந்தப் பெரிய உடம்பு அடுப்பாகியிருந்தது.

அத்தான் கட்டில் ஓரத்தில் மண்டியிட்டார். தைத்த நெஞ்சோடு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். "கெரெகெரே, விலிக்கேசா. நான் இன்னொண்ணு கேக்கறேன். நீ மறுக்க முடியாது. ஏழுல போய்ப் படு. அவ கேட்டா உண்மையான எண்ணைச் சொல்லு. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"இது அநியாயம், பம்பாய்." மூச்சு இரைத்தது. "எங்க ஆயுதத்த எங்க மேலயே திருப்பற."

"யாவாரிடா நான்."

கைத்தாங்கலாக ஏழில் படுக்கவைத்தோம். சிஸ்டர் அட்டையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பேராசிரியர், சூரஜ்பலி, பின்னால் நான்கு கூலியாட்கள்.

"ஏழு" என்றாள் சிஸ்டர். "வலி எத்தனை?"

விலிக்கேசா கூரையைப் பார்த்தார். உதடுகள் வழக்கமான சொல்லுக்காகக் குவிந்தன. அப்புறம் அத்தானைப் பார்த்தார்.

"பத்து" என்றார்.

தன் ஆயுளில் முதல் முறையாகச் சொன்னார். தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்த மனிதன் போல மறுபடியும் சொன்னார். "பத்து, மெரேயோனி. பத்து. தாங்க முடியல."

அவளுடைய அட்டை கீழே இறங்கியது. விதியை மீறி முகத்தைப் பார்த்தாள். கேலி செய்யவில்லை.

"பார்த்தீர்களா!" என்றார் பேராசிரியர். "மறுபடியும் ஏழு! நண்பர்களே, ஒரு வாரமாக இந்த வார்டின் வலி முழுவதும் இந்த ஒரே எண்ணிலிருந்து வருகிறது. காலையில் ஒன்பது, மாலையில் பத்து. எந்த மனிதனாலும் இது முடியாது. ஆகவே பிசகு மனிதனிடத்தில் இல்லை. கட்டில் கோளாறு!"

"கோளாறான அளவுக் கருவியைப் பறிமுதல் பண்ண எனக்கு அதிகாரம் உண்டு" என்றார் சூரஜ்பலி. அந்தக் காலத்து உற்சாகம் முகத்தில் திரும்பிவிட்டது.

விலிக்கேசாவைத் தூக்கி ஆறில் கிடத்தினார்கள். ஏழை வெளியே உருட்டிக்கொண்டு போனார்கள். நான் கத்தினேன். அக்கா கத்தினாள். அத்தான் சூரஜ்பலியின் சட்டையைப் பிடித்தார். "சார், கட்டிலை வெச்சுக்கோங்க. என் கடையை வெச்சுக்கோங்க. அந்த ஆளுக்கு ஒரு ஊசி போடுங்க. சொல்லுங்க, என்ன வேணும் உங்களுக்கு? நீங்க சொல்ற விலை."

சூரஜ்பலிக்கு உண்மையாகவே புரியவில்லை. "சேட், ஆறாம் கட்டில். முன்னாடி ஒன்பது, இப்ப பத்து. வித்தியாசம் ஒண்ணு. அவருக்கு பனடால் உண்டே?"

சிஸ்டர் மெரேயோனி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். எல்லார் கண் முன்னாலும் அலமாரியைத் திறந்தாள். ஊசியைப் போட்டாள். வெற்று அட்டையை சூரஜ்பலியின் கையில் திணித்தாள். "எண்ணை நீங்களே எழுதிக்கோங்க" என்றாள். மறுநாள் அவளைப் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் யாரையும் எண் கேட்பதில்லை. கத்துகிற சத்தமே போதும்.

விலிக்கேசா அதன்பின் நன்றாகத் தூங்கினார். இருமினார்கூட. ஆனால் சளி அதற்குள் உள்ளே குடியேறிவிட்டது. வந்த விருந்தாளி கிளம்பவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். 'நிமோனியா. வலிக்கும் இதற்கும் தொடர்பில்லை' என்று எழுதினார்கள். ஏழாம் எண் கட்டிலை அரக்கு முத்திரையிட்டுக் கிடங்கில் பூட்டினார்கள். அதை அகற்றியதும் வார்டின் வலி மறுபடி ஒன்றுக்குக் கீழே இறங்கியது. திட்டத்துக்குப் பரிசு கிடைத்தது.

அத்தான் கடைக்குத் திரும்பினார். கல்லாவுக்கு மேலே இருந்த பலகையைக் கழற்றினார்.

ஒருவர் இறந்த நூறாவது இரவில் அந்த மக்கள் துக்கத்தை அவிழ்ப்பார்கள்; சொந்தக்காரர்களுக்கெல்லாம் துணி எடுப்பார்கள். விலிக்கேசாவின் மனைவி தீவிலிருந்து படகில் வந்து எங்கள் கடை வாசலில் நின்றாள். பேசக் கூச்சப்படுகிற பெண். இந்தப் பூப்போட்ட துணி என்று விரலைக் காட்டினாள். அத்தான் துணிக்கட்டை இறக்கி, மேஜைமேல் விரித்து, மீட்டர் கோலை எடுத்தார்.

அப்போதுதான் சூரஜ்பலி உள்ளே வந்தார், கையில் அட்டையோடு.

"சேட், கடைசி அளவு பாக்கி இருக்கு. இதோட உங்க கணக்கு முடிஞ்சுது. இப்ப வலி எத்தனை?"

அத்தான் கோலைப் பிடித்தபடி நின்றார். குளிர்காலத்தில் அவருக்கு இன்னும் விலாவை அறுக்கிறது. அது எனக்குத் தெரியும். மற்றதும் தெரியும். எதிரே நின்ற பெண்ணை ஒருமுறை பார்த்தார்.

"செங்க நா லெங்க" என்றார்.

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து அவர் வாயையே பார்த்தாள்.

"அப்படின்னா பூஜ்யம்!" சூரஜ்பலி விரல் விட்டு எண்ணினார். "முன்னாடி ஒன்பது, இப்ப பூஜ்யம். மைனஸ் ஒன்பது! சேட், இது எட்டையும் தாண்டிடுச்சு. பேராசிரியர் துள்ளிக் குதிப்பார். பசிபிக்லயே உங்களுக்குத்தான் வலி கம்மி."

அத்தான் கோலைத் துணிமேல் வைத்தார். அளக்க ஆரம்பித்தார். கட்டைவிரல் துணியை இழுக்கவில்லை. நூறாவது கோடு வந்தது. சூரஜ்பலி பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் கோலை மேஜையில் வைத்துவிட்டு, கோல் முடிந்த இடத்துக்கு அப்பால் துணியை விட்டுக்கொண்டே போனார். ஒரு சாண், ஒரு முழம், மேஜை முடிகிற வரைக்கும். அங்கே கத்தரிக்கோலை வைத்தார்.